கரி போன பாதையில் சைக்கிள்

(ஆமத்தூர் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி ஆமத்தூரில் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் கரிசலைத் தோண்டினால் சுக்கான் பாறை வரும், அதற்கும் கீழே போனால் உப்புத் தண்ணீர் வரும். தமிழ்நாட்டுக்குக் கிடைத்ததெல்லாம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. கறுப்புக் கரி நமக்கு எப்போதும் வெளியூர்ச் சரக்கு. ஆனால் கரித்தூள் என்றால் என்ன, கந்தகம் என்றால் என்ன, இரண்டும் வெடியுப்போடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போய்வரும் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சை வேறெங்கும் வைத்துக்கொள்ளாமல் இங்கே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

என் மகள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறாள். பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது பென் ஹில்ஸ் மலைச்சரிவில் இருக்கும் வெங்கடேசுவரர் கோயில். 1970-களில் எழுந்த கோயில் அது. அமெரிக்காவுக்குப் போன தென்னிந்தியக் குடும்பங்கள் பலவும் ஒருமுறையாவது அங்கே போய் வந்திருக்கும். நானும் முதலில் பார்த்தது கோயிலைத்தான். அதற்குப் பிறகு மகள் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்துவந்தாள். "அப்பா, வரலாறு பாடம் நடத்தினீர்களே, இந்த ஊர் வரலாற்றைச் சைக்கிளில் பார்ப்போம்" என்றாள்.

அந்த நகரத்தில் அலிகேனி, மொனாங்ககீலா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாகின்றன. அந்தக் கூடுதுறையிலிருந்து பாதை புறப்படுகிறது. மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகரம் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பெயர் கிரேட் அலிகேனி பாசேஜ். கார், லாரி, மோட்டார் பைக் எதுவும் கிடையாது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் மட்டும்தான். பாதையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். கம்பர்லாந்தோடு நிறுத்த மனமில்லாதவர்கள் அங்கிருந்து பழைய கால்வாய்க் கரையைப் பிடித்து வாஷிங்டன் வரைக்கும் போகலாம். அந்தக் கால்வாய்க் கரை இன்னும் 297 கிலோமீட்டர்.

மலைநாட்டில் இவ்வளவு தூரம் என்றதும் பயந்துவிட்டேன். என் முழங்கால் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் பெடலை மிதிக்க ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. காரணம் ரயில்தான். நீராவி இன்ஜின் செங்குத்தாக ஏற முடியாது. கரி ஏற்றிய வண்டித் தொடரை இழுத்துக்கொண்டு மலையைத் தாண்ட வேண்டுமென்றால் பொறியாளன் மேட்டை வெட்டியாக வேண்டும், பள்ளத்தை நிரப்பியாக வேண்டும், ஆற்றோரமாகவே வளைந்து வளைந்து போயாக வேண்டும். பிட்ஸ்பர்க்கிலிருந்து மலை முகடு வரை 200 கிலோமீட்டர் தூரத்துக்கு மொத்த ஏற்றமே 500 மீட்டர் அளவுதான். ஏறுகிறோம் என்பதே தெரியாது. மறுபக்கம் கம்பர்லாந்துக்கு இறங்கும் 38 கிலோமீட்டர் மட்டும் கொஞ்சம் சரிவு அதிகம். இன்ஜினுக்காகச் செய்த சமதளம் இன்று கிழவனுக்கும், கைக்குழந்தையைப் பின்னால் வண்டிகட்டி இழுத்துக்கொண்டு வரும் தாய்க்கும், மூன்று சக்கர நாற்காலி வண்டியைக் கையால் ஓட்டுகிற மாற்றுத்திறனாளிக்கும் ஆகிறது. ரயில் பாதை நின்றுபோனால் அதில் மிச்சமிருக்கும் செல்வம் இரும்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரும்பைத்தான் முதலில் பிடுங்கி ஏலம் விடுகிறோம். உண்மையான செல்வம் அந்தச் சமதளம். ஆயிரக்கணக்கான கூலியாட்களின் மண்வெட்டியும் கடப்பாரையும் உண்டாக்கியது அது. அதைத் துண்டு துண்டாக்கிவிட்டால் மறுபடி எந்தப் பணத்தாலும் அவ்வளவு லேசாகச் சேர்க்க முடியாது. இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். மீதிப் பாதியை வழியில் சொல்கிறேன்.

நகரத்தை விட்டு வெளியேறும் முன்பே ஹோம்ஸ்டெட் வருகிறது. ஆண்ட்ரூ கார்னகியின் இரும்பாலை இருந்த இடம். 1892-ல் தொழிற்சங்கத்தை உடைப்பதற்காக ஆலைக்கதவைப் பூட்டினார்கள். ஆலையை நடத்திக்கொண்டிருந்தவர் ஹென்றி கிளே ஃப்ரிக். பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் படையை ஆற்றில் படகேற்றி, ஜூலை 6-ம் தேதி விடியும் முன் கொண்டுவந்து இறக்கப் பார்த்தார். தொழிலாளர்களும் ஊர் மக்களும் கரையில் நின்று எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் உயிர் போனது. ஆலை 1986-ல் மூடப்பட்டு, இன்று அங்கே கடைவீதியும் சினிமா தியேட்டரும் இருக்கின்றன. ஆனால் அந்த நாளில் சண்டை நடந்த இடத்திலிருந்த பம்ப் ஹவுஸ் கட்டடத்தையும், உயரமான புகைபோக்கிகள் ஒரு வரிசையையும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பாதை அவற்றை ஒட்டியே போகிறது. காரில் போகிறவன் கண்ணில் இது படாது.

அதற்கப்புறம் யாக்கொகேனி ஆற்றங்கரை. இரண்டு பக்கமும் காடு. தண்ணீர்ச் சத்தம் கூடவே வருகிறது. நான் மரத்தையும் பறவையையும் பார்த்துக்கொண்டே போனேன். மகள்தான் நிறுத்தி, சரிவில் வழிந்துகொண்டிருந்த தண்ணீரைக் காட்டினாள். ஆரஞ்சு நிறம். பாறை முழுக்கத் துருவேறிய நிறம். மூடிப்போன சுரங்கத்துக்குள் நிரம்பிய மழைத்தண்ணீர் வழிந்து வெளியே வருகிறது. நிலக்கரியோடு இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் இருக்கும். மண்ணுக்குள் மூடிக்கிடக்கும் வரை ஒன்றுமில்லை. தோண்டிக் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகிறது, இரும்பு கரைந்து வந்து வெளியே துருவாகப் படிகிறது. முதலாளி போய்விட்டார், தொழிலாளியும் போய்விட்டார், கரியும் போய்விட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சுத்தம் செய்யக் குளம் வெட்டி, சுண்ணாம்புக்கல் ஓடை அமைத்து அரசாங்கமும் தொண்டர் அமைப்புகளும் இன்றைக்கும் செலவழிக்கிறார்கள். தொழில் நடந்தபோது கிடைத்த லாபத்தில் இந்தச் செலவை யாரும் கழிக்கவில்லை. பட்டாசுக் கழிவை எங்கே கொட்டுகிறோம், எந்தக் கண்மாய்க்கு அது போகிறது என்று கேட்க வேண்டிய ஊரில் நின்று இதைச் சொல்கிறேன்.

கானல்ஸ்வில் என்ற ஊரைச் சுற்றி, காட்டுக்குள் வரிசையாகச் செங்கல் வளைவுகள் தெரிகின்றன. மேலே மரம் முளைத்து வேர் இறங்கியிருக்கிறது. கோக் அடுப்புகள். நம்மூரில் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம் அல்லவா, சீமைக்கருவேல மூட்டம், அதே முறைதான். காற்றைக் குறைத்து நிலக்கரியை வேகவைத்தால் புகையும் தாரும் போய்க் கெட்டியான கோக் நிற்கும். இரும்பை உருக்க அதுதான் வேண்டும். அங்கே பூமிக்கடியில் கிடந்த பிட்ஸ்பர்க் படுகைக் கரி கோக்குக்கு உலகத்திலேயே உயர்ந்த ரகம் என்று பெயர் வாங்கியது. ஃப்ரிக் பணக்காரரானது இந்த அடுப்புகளில்தான். இரவில் வரிசை வரிசையாக அடுப்புகள் எரிந்தன. அடுப்பு வாயில் நின்று கோக்கை இழுத்து வெளியே போட்டவர்கள் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, போலந்து, இத்தாலி நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள். வீடு கம்பெனிக்குச் சொந்தம். மளிகைக்கடை கம்பெனிக்குச் சொந்தம். பல இடங்களில் கூலியே கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுக்கப்பட்டது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு, அது கழியும் வரை வேறு ஆலைக்குப் போக முடியாமல் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டிய இடம்.

வெஸ்ட் நியூட்டனுக்கும் கானல்ஸ்வில்லுக்கும் இடையில் வான் மீட்டர் என்று ஆற்றோரச் சிற்றூர் ஒன்று. டார் சுரங்கம் அங்கே இருந்தது. 1907 டிசம்பர் 19, காலை பதினொன்றரை மணி வாக்கில் சுரங்கம் வெடித்தது. 239 பேர் செத்தார்கள். ஆண்களும் சிறுவர்களும். அடையாளம் தெரியாமல் போனவர்கள் உட்பட 71 பேரை ஆலிவ் பிராஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் புதைத்தார்கள். அன்று கிழக்கத்தியக் கிறிஸ்தவ நாள்காட்டியில் புனித நிக்கொலஸ் திருநாள். அதற்காக வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போன கிட்டத்தட்ட 200 பேர் பிழைத்தார்கள். திருவிழாவுக்கு லீவு போட்டதால் உயிர் தப்பியவர்களின் கதை நம் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு.

எப்படி நடந்தது? நிலக்கரியிலிருந்து மீத்தேன் வாயு கசியும். அது தேங்கிய பகுதியைத் தடுத்து வைத்திருந்தார்கள். தலையில் திறந்த சுடர் விளக்கை மாட்டிக்கொண்டு ஆட்கள் அந்தப் பக்கம் போனதால் தீப்பிடித்தது என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் வாயு கொளுத்திப் போட்டதோடு நின்றுவிடவில்லை. அந்த அதிர்ச்சியில் தரையிலும் சுவரிலும் படிந்திருந்த கரித்தூள் மேலே எழும்பிக் காற்றில் கலந்தது. எழும்பிய தூள் எரிந்தது. எரிந்த வேகம் அடுத்த பகுதியின் தூளை எழுப்பியது. இப்படிச் சுரங்கம் முழுவதும் ஓடியது. கட்டிக் கரி மெதுவாக எரியும், தூள் வெடிக்கும் என்பதை நம் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர்கள் கையால் அறிந்திருக்கிறார்கள். ஓர் அறையில் வேலை செய்ய இத்தனை பேர்தான், அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி, அறையில் இவ்வளவு மருந்துதான் என்று நாக்பூர் வெடிபொருள் துறை கொடுக்கும் லைசென்ஸில் எழுதியிருப்பதன் பொருளே இந்தச் சங்கிலியை அறுப்பதுதான். மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்யச் சொல்லும்போது, ஒருவர் பெயரில் இருக்கும் லைசென்ஸை அறை அறையாக உள்குத்தகைக்கு விடும்போது, அறுத்த சங்கிலியை மறுபடி இணைக்கிறோம்.

அந்த டிசம்பர் மாதம் அமெரிக்கச் சுரங்கங்களுக்கு மிகக் கெட்ட மாதம். டாருக்கு இரண்டு வாரம் முன்பு, 6-ம் தேதி, மேற்கு வர்ஜீனியாவின் மொனாங்கா சுரங்கத்தில் கணக்குப்படி 362 பேர் இறந்திருந்தார்கள். கணக்கில் வராதவர்கள் வேறு. கரித்தூள் தனியாக வெடிக்காது, வாயு இருந்தால்தான் வெடிக்கும் என்று முதலாளிகள் பலர் அதுவரை சாதித்து வந்தார்கள். இத்தனை சாவுக்குப் பிறகு 1910-ல் அந்நாட்டு அரசாங்கம் சுரங்கங்களுக்கென்று தனித்துறை அமைத்தது. பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டன் என்ற இடத்தில் ஆராய்ச்சிக்காகவே சுரங்கம் தோண்டி, 1911-ல் பொதுமக்கள் முன்னால் கரித்தூளை வெடிக்கவைத்துக் காட்டினார்கள். கண்ணால் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. சுண்ணாம்புக்கல் பொடியைச் சுரங்கச் சுவரில் தூவிவைத்தால் தூளெழும்பும்போது அதுவும் சேர்ந்து எழும்பி நெருப்பை அணைக்கும் என்று பிறகு கண்டார்கள், சட்டமும் ஆக்கினார்கள். இன்று சைக்கிள் சக்கரம் ஓடுகிற பாதையில் பரப்பியிருப்பதும் சுண்ணாம்புக்கல் பொடிதான்.

டார் விசாரணையில் கம்பெனி பொறுப்பல்ல என்று முடித்தார்கள். அந்த முடிவை யாரும் மாற்றவில்லை. ஆனால் பாதையோரம் பலகை வைத்திருக்கிறார்கள். என்ன நடந்தது, எந்த நாள், எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது. விடுமுறையில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் இறங்கி நின்று வாசிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆலையில் வேலை பார்க்காதவர்களும், புகையைக் கண்டு காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. பிள்ளைகள் இறந்த விபத்து ஒன்றை உச்சநீதிமன்றம் தானாகவே கவனத்தில் எடுத்ததும், எம்.சி. மேத்தா வழக்கில் 1996-ல் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்பு வந்ததும் நம் சிவகாசியை வைத்துத்தான். அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் இந்தியா முழுக்கப் படிக்கிறார்கள். இறந்த பிள்ளைகளின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? பத்திரிகையில் மறுநாள் வருகிறது, நிவாரணத் தொகை அறிவிப்பு வருகிறது, ஆலைக்குச் சீல் வைத்த செய்தி வருகிறது. அடுத்த தீபாவளிக்குள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த பெயர்களாகிவிடுகின்றன. இதுதான் நான் சொல்ல வந்ததில் மீதிப் பாதி. பாதையை முழுசாக வைத்திருந்தால்தான் பெயர்களை அதன் ஓரத்தில் வைக்க முடியும். மக்கள் நடந்துபோகிற, நின்று வாசிக்கிற வேகத்தில் இருக்கிற இடம் வேண்டும். நான்குவழிச் சாலையோரம் வைக்கும் கல்லை யாரும் வாசிக்கப் போவதில்லை.

வேல்ஸ் நாட்டிலும் இப்படியொரு பாதை உண்டு. கார்டிஃப் நகரத்திலிருந்து டாஃப் ஆற்றோரமாகப் போகிறது. பழைய டிராம், ரயில், கால்வாய்த் தடங்களைச் சேர்த்து அமைத்தது. உலகத்தில் முதன்முதலாகத் தண்டவாளத்தின் மேல் நீராவி இன்ஜின் சரக்கு இழுத்தது 1804-ல் அந்தப் பள்ளத்தாக்கில்தான். அதே பாதை அபர்ஃபான் ஊர் வழியாகவும் போகிறது. 1966 அக்டோபர் 21 காலையில் சுரங்கக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். சைக்கிளில் போகிறவர்கள் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. ஊர் வழியாகவே போகிறார்கள்.

பென்சில்வேனியாவுக்கே திரும்புவோம். இன்னும் மேலே போனால் ஓஹையோபைல். அருவியும் இரண்டு பாலங்களும், ஆற்றில் ரப்பர் படகுக்காரர்களின் கூச்சலும். அதற்கும் மேலே காசல்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மயர்ஸ்டேலில் 1912-ல் கட்டிய ரயில்நிலையம் இன்று ஊர் அருங்காட்சியகம். வருகிறவர்களை வரவேற்கும் இடமும் அதுதான். பக்கத்திலேயே சாலிஸ்பரி பாலம். 580 மீட்டர் நீளத்துக்கு, பள்ளத்தாக்கின் மேல் 30 மீட்டர் உயரத்தில் நம்மைக் கொண்டுபோகிறது. கீழே வயலும் சாலையும் ஆறும், இன்னொரு கம்பெனியின் ரயில் பாதையும். அதில் இன்றும் சரக்கு வண்டி ஓடுகிறது. மலை முகட்டைத் தாண்டியதும் பிக் சாவேஜ் சுரங்கவழி, ஒரு கிலோமீட்டர் நீளம். பனிக்காலத்தில் உள்ளே ஒழுகும் தண்ணீர் உறைந்து சுவரைப் பிளந்துவிடும் என்பதற்காக இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வசந்தத்தில் திறக்கிறார்கள். உள்ளே விளக்கு உண்டு. மறுபக்கம் வெளியே வந்தால் மலைத்தொடர் அடுக்கடுக்காகக் கீழே விரிகிறது. இவ்வளவு அழகை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை.

வழியோர ஊர்களில் கரி போனதும் பிழைப்பு போனது. இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று சைக்கிள்காரர்களை நம்பி விடுதியும் உணவகமும் பஞ்சர் கடையும் நடக்கின்றன. சுரங்கம் கொடுத்த வேலை அத்தனையையும் பாதை திருப்பித் தந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரவில்லை. ஆனால் ஊர் மிச்சமிருக்கிறது, பூட்டிய கடைகளில் சில திறந்திருக்கின்றன.

பாதை ஒரே நாளில் வரவில்லை. மேற்கு மேரிலாந்து ரயில்வே 1975-ல் தன் தடத்தைக் கைவிட்டது. ஓஹையோபைல் பகுதித் தடத்தை இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று விலைக்கு வாங்கி உடையாமல் வைத்தது. 1986-ல் முதல் துண்டு திறந்தது. பிறகு ஒவ்வோர் ஊரிலும் சங்கம் சேர்த்து, மண்வெட்டி எடுத்து, நிலத்துக்காரரோடு பேசி, பணம் திரட்டி, பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய கடைசித் துண்டு 2013-ல்தான் சேர்ந்தது. 27 ஆண்டு.

இதற்கிடையில் அமெரிக்காவில் 1983-ல் நல்ல சட்டத் திருத்தம் வந்தது. ரயில் கம்பெனி ஒரு பாதையை நிறுத்த நினைத்தால், தடத்தைத் துண்டு போட்டு விற்காமல் உள்ளாட்சியிடமோ பொது அமைப்பிடமோ ஒப்படைக்கலாம். அவர்கள் அதை நடைபாதையாக, சைக்கிள் பாதையாக வைத்திருக்கலாம். நாளைக்கே ரயில் மறுபடி வேண்டுமென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரயில் போனதால் நிலம் எங்களுக்குத்தான் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நிலத்துக்காரருக்கு இழப்பீடு சேருமா என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

இந்தச் சட்டம் எவ்வளவு அவசியம் என்பதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம் போதும். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குக் குறுகிய ரயில் பாதை இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டும் நின்றன, தண்டவாளம் பிடுங்கப்பட்டது. தடம் வயலானது, வீடானது, சாலையானது. இப்போது மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 36 கிலோமீட்டருக்கு மறுபடி ரயில் வேண்டுமென்று திட்டம் போட்டு, நிலம் எடுக்க அலைகிறார்கள். தாத்தா காலத்தில் இருந்ததைப் பேரன் காசு கொடுத்து வாங்குகிறான். நமக்குப் பக்கத்தில் போடி பாதையைப் பாருங்கள். மதுரை–போடி தண்டவாளமும் போரில் பிடுங்கப்பட்டதுதான். ஆனால் தடம் ரயில்வேயின் கையை விட்டுப் போகவில்லை. அதனால் 1950-களில் திரும்ப ரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தியபோது பல ஆண்டு சும்மா கிடந்தும், 2023-ல் போடிக்கு மறுபடி ரயில் போய்விட்டது.

தென்கோடியில் திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினத்துக்குப் பாரி கம்பெனி போட்ட சின்ன ரயில் ஓடியது. பனங்கருப்பட்டியை ஆலைக்குக் கொண்டுபோக வந்த ரயில், மனிதர்களையும் ஏற்றியது. 1940-ல் நின்றது. தேரிக் காட்டோரம், பனைமரங்களுக்கு நடுவே, கடலைத் தொட்டுக்கொண்டு போகிற அந்தத் தடம் சைக்கிள் பாதையாக இருந்திருந்தால் தமிழ்நாட்டில் அதற்கு இணையே இருந்திருக்காது. இன்று குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. கருப்பட்டி ரயில் ஓடியது அங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

சிங்கப்பூரில் இதைச் செய்துவிட்டார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் தடம். 2011 ஜூன் 30-ம் தேதியோடு ரயில் நின்றது. நிலத்துக்கு அவ்வளவு விலை உள்ள நாட்டில் அதைக் கட்டடம் கட்ட விற்றிருந்தால் எத்தனை கோடி வந்திருக்கும்! பொதுமக்கள் கேட்டார்கள், அரசாங்கம் ஒத்துக்கொண்டது. பசுமைத் தடமாக வைத்திருக்கிறது. புக்கித் தீமா ரயில்நிலையத்தையும் இரும்புப் பாலத்தையும் பாதுகாத்திருக்கிறார்கள். மலாயாவில் தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழன் உழைப்பு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரின் முனீஸ்வரன் கோயில் ஒன்று ரயில்வேத் தொழிலாளர்கள் வழிபட்டு வளர்ந்தது. நம் முன்னோர் போட்ட தடத்தில் அந்த நாட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்கள் போட்ட தடங்களை இங்கே நாம்தான் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் ரயில் நிற்கவில்லை. 1927-ல் வந்த தென்காசிப் பாதை அகலப்பாதையாகி ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கவும் வேண்டாம். ஆகவே நான் கேட்பது இரண்டு.

முதலாவது, தமிழ்நாட்டில் இனி எந்த ரயில் தடத்தை, எந்தக் கால்வாய்க் கரையை, எந்தப் பழைய சாலை வளைவைக் கைவிட்டாலும் துண்டாக்காமல் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் சட்டம் வேண்டும். நாலுவழிச் சாலைக்காக நேராக்கியபோது ஒதுக்கிவிட்ட பழைய வளைவுகள் எத்தனை கிடக்கின்றன! புளியமர நிழலோடு கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு சிவகாசி ரோட்டில் லாரிக்கும் வேனுக்கும் நடுவில் போகச் சொல்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றது உலகத்துக்கே செய்தியாயிற்று. கற்றவர்களுக்குப் பயமில்லாமல் ஓட்டத் தடம் கொடுப்பது அரசின் கடமை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஆமத்தூரைத் தொட்டுக்கொண்டு தனிச் சைக்கிள் தடம் வேண்டும் என்று ஊராட்சித் தீர்மானம் போடுங்கள். அடுத்த கிராமசபையில் போடுங்கள்.

இரண்டாவது, அந்தத் தடத்தோரம் கல் வேண்டும். எந்த ஆலை, எந்த நாள், யார் யார் என்று பெயர் பொறித்த கல். இது ஆலைக்காரர்களுக்கு எதிரான காரியமாக யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலை நம்பித்தான் நம் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். நல்லபடியாக விதி பார்த்து ஆலை நடத்துகிறவர்கள் முதல் ஆளாக வந்து கல்லுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல் வைக்கப் பெயர் வேண்டும். அரசாங்கக் கோப்புகளில் இருப்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். கோப்பில் வராதவர்களும் இருப்பார்கள். நூலக மேசையில் நீளமான நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யார் போனார்கள், எந்த ஊர் ஆலை, எந்த வருஷம், வயது என்ன, என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் எந்தத் திருவிழாவுக்கு முன்னால், எந்த மழைக்குப் பின்னால் என்று எழுதுங்கள், தேடிக்கொள்ளலாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்க வேண்டும். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.